உப்புக்கொத்தியின் மூன்று முட்டைகளும் எங்கே போயின?

தம்பி, நீங்கள் கேட்டிருந்ததை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். மே மாதக் கடைசியில், சூளூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலையில் அட்டக்கானிதிப்பாவைத் தாண்டி, காய்ந்து வெடித்துக் கிடந்த பழவேற்காடு ஏரித்தரையில் கைக்கடக்கமான ஒரு பறவை மூன்று முட்டைகளை அடைகாப்பதைப் பார்த்தீர்கள். நான்கு நாள் கழித்துப் போனபோது முட்டையும் இல்லை, பறவையும் இல்லை, சுற்றிலும் நாய்த்தடம். தின்றது நாய்தானா, காக்காயா, கீரியா? அடுத்த முறை கோழிவலை கட்டிக் காப்பாற்றலாமா? முட்டையை எடுத்து வந்து கோழியின் அடியில் வைத்தால் பொரிக்குமா? அந்த ஜோடி இனி அங்கே வருமா? இவைதான் உங்கள் கேள்விகள்.

நான் இருப்பது ஆரம்பாக்கத்தில். வடக்கே கொஞ்ச தூரம் போனால் தடா, ஆந்திரா வந்துவிடும். ஏரியின் பெரும்பகுதி அந்தப் பக்கம்தான். தென்கோடி மட்டும் நம்முடையது. பள்ளி விடுமுறையெல்லாம் இரக்கம் தீவில் அத்தை வீட்டில் கழித்தேன். ஆந்திராவுக்குள் இருந்தாலும் அங்கே பேச்சு தமிழ்தான். இருபது வருஷத்துக்கு மேலாக ஒவ்வொரு கோடையிலும் காய்ந்த ஏரியில் நடந்து கூடு பார்த்து வருகிறேன். அதில் கண்டதையும் படித்துத் தெரிந்துகொண்டதையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

அவசரமான பதில் முதலில். வலை கட்டாதீர்கள். முட்டையைத் தொடாதீர்கள். நாய்த்தடம் இருந்ததால் மட்டும் நாய்தான் தின்றது என்று முடிவு கட்டவும் வேண்டாம். இனி காரணங்களுக்கு வருகிறேன்.

நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பது உப்புக்கொத்தி. மார்பில் கறுப்புப் பட்டை முழுதாகச் சேராமல் இரண்டு பக்கமும் திட்டாக நிற்கிறது பாருங்கள், அதுதான் அடையாளம். பட்டை முழுசாகச் சேர்ந்து, கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம் இருந்தால் அது பட்டாணி உப்புக்கொத்தி. உங்கள் பறவையைச் சில வருஷம் முன்புவரை கெண்டிஷ் உப்புக்கொத்தி என்றே எல்லோரும் எழுதினோம். 2023இல் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் நிரந்தரமாக வாழும் கூட்டம் தனி இனம் என்று ஆய்வாளர்கள் நிறுவி, அனுமன் உப்புக்கொத்தி என்று பெயர் வைத்தார்கள். இரண்டு கரைக்கும் இடையில் பாலம் கட்டிய அனுமனை நினைத்து வைத்த பெயர். குளிர்காலத்தில் வடக்கேயிருந்து வரும் கெண்டிஷ் உப்புக்கொத்திகள் வெயில் ஏறுமுன் கிளம்பிவிடும். மே மாதத்தில் இங்கே அடைகாப்பது நம்மூர்ப் பறவை. உலகத்தில் அதற்கு வேறு வீடு கிடையாது. அந்த மூன்று முட்டைக்காக நீங்கள் வருத்தப்பட்டது சரிதான்.

கூடு என்று சொன்னாலும் அங்கே கட்டியது எதுவும் இருக்காது. நெஞ்சை மண்ணில் அழுத்திச் சுழன்று ஒரு சின்னக் குழி. அதில் உடைந்த கிளிஞ்சல், காய்ந்து சுருண்ட சேற்றுச் செதில், சில சமயம் நாலு குச்சி. ஆள்காட்டிப் பறவையாக இருந்தால் கூழாங்கல்லோடு ஆட்டுப்புழுக்கையும் சேரும். முட்டை மண்ணின் நிறத்தில், மேலே கறுப்புக் கிறுக்கல்களோடு இருக்கும். இரண்டடி தூரத்தில் நின்றாலும் தெரியாது. மரத்தில் கட்டாமல் ஏன் இப்படி வெட்டவெளியில் இடுகிறது என்று பலர் கேட்பதுண்டு. வெட்டவெளிதான் அதன் கோட்டை. சுற்றிலும் நானூறு ஐந்நூறு அடிக்கு மறைவு எதுவும் இல்லையென்றால், வருகிறவன் யாராக இருந்தாலும் பறவை முதலில் பார்த்துவிடும். பார்த்ததும் பறக்காது. தலையைத் தாழ்த்தி, சத்தமில்லாமல் ஓடி, கூட்டிலிருந்து வெகுதூரம் போய்த்தான் நிமிரும். நமக்குத் தெரிவது அங்கே சும்மா மேய்ந்துகொண்டிருக்கும் ஒரு பறவை. முட்டை இருக்கும் இடம் யாருக்கும் தெரியாது.

ஒரு நாள் மத்தியானம் பார்த்ததைச் சொல்கிறேன். பி.வி.பாளையத்துக்குக் கிழக்கே, வெறுங்காலை வைக்க முடியாத சூடு. பெண் பறவை கூட்டில் உட்காரவில்லை, முட்டைகளின் மேல் நின்றுகொண்டிருந்தது. சிறகைச் சற்று அகற்றி, அலகைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு, தன் நிழலை முட்டைமேல் போட்டபடி. கொஞ்ச நேரத்தில் இறங்கி ஓடியது. மீதமிருந்த ஒரு சேற்றுக் குட்டையில் வயிற்றை நனைத்துக்கொண்டு திரும்ப ஓடிவந்து, ஈர இறகோடு முட்டைமேல் நின்றது. ஒரு மணி நேரத்தில் ஐந்து தடவை. இந்த வேலையில் முப்பது நாற்பது கிராம் எடையுள்ள ஒரு பறவை கால் மணி நேரம் தடைபட்டாலும் முட்டைக்குள் கரு வெந்துவிடலாம். இதைக் கண்ணால் பார்த்த பிறகுதான், படம் எடுக்கவென்று கூட்டுப் பக்கத்தில் நிற்பதை நான் அடியோடு விட்டேன். பகலில் பெரும்பாலும் பெண்ணும் இரவில் ஆணும் அடைகாக்கும். இப்படியே ஏறக்குறைய நாலு வாரம் போக வேண்டும்.

அந்த நாலு வாரத்தில் வரும் பகைகள் இந்த இனத்துக்குப் புதியவை அல்ல. காக்காய், செம்பருந்து, பூனைப்பருந்து, கீரி, உடும்பு, சாரை, நரி, வளை தோண்டும் நண்டு. அப்புறம் கோடைமழை: ஒரே இரவில் அரையடி தண்ணீர் நின்றால் அந்தத் திட்டில் இருந்த எல்லாக் கூடும் முடிந்தது. இவையெல்லாம் ஆயிரக்கணக்கான தலைமுறையாக இருக்கின்றன. பறவையும் பதிலுக்குப் பதில் கற்று வைத்திருக்கிறது. இறக்கை ஒடிந்ததுபோல் தரையில் இழுத்துக்கொண்டு ஓடி நரியைத் திசைதிருப்பும். எழுந்துபோகுமுன் காலால் மண்ணைத் தள்ளி முட்டையை மூடிவிடும். கூடு போனால் சில நாளில் வேறிடத்தில் மறுபடி இடும். ஒரு கோடையில் இரண்டு மூன்று தடவைகூட முயலும். ஆள்காட்டி வேறு வழி. ஊரைக் கூட்டி, தலைமேல் பாய்ந்து பாய்ந்து விரட்டும். அதன் இரவுக் கூச்சலைக் கெட்ட சகுனம் என்று எங்கள் பக்கத்துத் தெலுங்குக்காரர்கள் தீதுவு பிட்ட என்று பயத்தோடு சொல்வார்கள். பாவம், அது தன் முட்டைக்காகத்தான் கத்துகிறது.

இப்போது உங்கள் குழி. யார் வந்தார்கள் என்று மண் சொல்லும், ஆனால் அன்றைக்கே பார்க்க வேண்டும். காக்காய் என்றால் முட்டையில் குத்திய ஓட்டையோடு ஓடு பக்கத்திலேயே கிடக்கும். அல்லது தூக்கிக்கொண்டு போய்த் தொலைவில் தின்றிருக்கும், மண்ணில் மூன்று விரல் முன்னும் ஒன்று பின்னுமாகத் தடம் தெரியும். கீரி கடித்து உடைத்து நக்கும். கசங்கிய ஓடும் மஞ்சள் கறையும் மிஞ்சும். பாம்பும் உடும்பும் முழுசாக விழுங்கிவிடும், ஓட்டுத் துண்டுகூட இருக்காது. உடும்பு போன வழியில் இரு பக்கமும் நகத்தடம், நடுவே வால் இழுத்த கோடு. நாய்த்தடத்தில் நகம் பதியும். பூனை நகத்தை உள்ளே இழுத்துக்கொள்வதால் வட்டமான மெத்தைத் தடம் மட்டும். மாடு மிதித்தால் சொல்லவே வேண்டாம், குளம்புக் குழிக்குள் நசுங்கிய ஓடு இருக்கும்.

இன்னொரு சாத்தியத்தை நீங்கள் யோசிக்கவே இல்லை: பொரித்திருக்கலாம். குஞ்சு வெளியே வந்ததும் பெரிய ஓடுகளைப் பெற்றோர் தூக்கிக்கொண்டு போய் எறிந்துவிடும், வெள்ளையான உட்புறம் பகைக்குக் காட்டிக்கொடுக்கும் என்பதால். ஆனால் குஞ்சு உள்ளிருந்து கொத்தும்போது உதிர்ந்த பொடித்துண்டுகள், கடுகளவில், குழியின் அடியில் தங்கிவிடும். குழியை விரலால் மெதுவாகத் துழாவிப் பாருங்கள், பறவை போய்விட்ட கூடு என்பதால் தப்பில்லை. பொடித்துண்டு இருந்தால் நல்ல செய்தி. பொரித்த சில மணி நேரத்தில் குஞ்சுகள் எழுந்து நடந்து போய்விடும். கூட்டில் உட்கார்ந்து இரை கேட்கும் பழக்கம் இவற்றுக்கு இல்லை. ஆனால் நீங்கள் முதலில் பார்த்த அன்று எத்தனையாவது நாள் என்று தெரியாததால் நான் உறுதி சொல்ல மாட்டேன். நாய்த்தடம் குழிக்கு மேலேயே பதிந்து, குழியின் விளிம்பு கலைந்திருந்தால் நாய் என்று வைத்துக்கொள்ளலாம். குழி கலையாமல், தடம் சற்றுத் தள்ளிப் போயிருந்தால் நாய் வெறுமே நடந்து போயிருக்கிறது.

சரி, நாய் விஷயத்துக்கு வருகிறேன். என் மனசை உறுத்துவது இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும்.

பழவேற்காடு ஆழமில்லாத ஏரி. பல இடங்களில் இடுப்பளவு தண்ணீர்கூட இருக்காது. ஐப்பசி கார்த்திகை மழையில் ஆரணியாறும் காலங்கியும் சொர்ணமுகியும் கொண்டுவரும் தண்ணீரில் நிறையும். பங்குனி தாண்டினால் வடபகுதி வற்றத் தொடங்கும். வற்றும்போது நடுவில் திட்டுகள் எழும்பும். சுற்றிலும் முழங்கால் சேறு, நடுவில் உலர்ந்த மேடு. உப்புக்கொத்திக்கும் நெடுங்கால் உள்ளானுக்கும் சிற்றாலாவுக்கும் இதைவிட நல்ல இடம் அமையாது. சேறுதான் அகழி. நரியும் கீரியும் அவ்வளவு தூரம் சேற்றில் இறங்கி வருவது அபூர்வம். ஆனால் மே மாதத்தில் அகழியும் காய்ந்துவிடுகிறது. அடைகாப்பு முடியுமுன் தரை இறுகி, கரைக்கும் திட்டுக்கும் இடையில் ரோடு போட்டது மாதிரி ஆகிவிடும். முகத்துவாரம் மணலால் அடைபட்டுக் கடல்நீர் ஏறாத வருஷங்களில் இது இன்னும் சீக்கிரம் நடக்கிறது. அந்த ரோட்டில்தான் நாய்கள் வருகின்றன.

ஏன் அங்கே அத்தனை நாய்? மீன் இறக்கும் இடங்களுக்குக் காலையில் போய்ப் பாருங்கள். வலையிலிருந்து உதறிய பொடிமீன், இறால் தலை, விலைபோகாத நண்டு எல்லாம் கரையோரம் குவியும். கருவாடு காயும் இடத்திலும் அப்படித்தான். பூநாரை பார்க்க வரும் கூட்டம் விட்டுப்போகும் பிரியாணிப் பொட்டலம் வேறு. அதைத் தின்று நாய் பெருகுகிறது, காக்காய் பெருகுகிறது, பருந்தும் கூடுகிறது. இரை குறைந்த வருஷம் நரிக்குக் குட்டியும் குறையும், பாம்புக்கும் அப்படித்தான். அந்தக் கணக்கில்தான் பறவையும் நரியும் இத்தனை காலம் சேர்ந்து பிழைத்தன. நாய்க்கு அந்தக் கணக்கு கிடையாது. வயிற்றுக்குச் சோறு கரையில் தயாராக இருக்கிறது. ஏரித்தரைக்கு அது பசிக்காகப் போவதில்லை, சுற்றப் போகிறது. முட்டையே மிச்சமில்லாத வருஷத்திலும் நாயின் எண்ணிக்கை அப்படியே நிற்கும். அதனால் கடைசிக் கூடுவரை தேடித் தின்ன நாயால் முடியும்.

பறவையின் பழைய வித்தைகளும் நாயிடம் பாதிதான் பலிக்கின்றன. இறக்கை ஒடிந்த நடிப்பை ஒற்றை நரி நம்பிப் பின்னால் போகும். நாய்கள் நாலைந்தாக வருகின்றன. ஒன்று பறவையைத் துரத்திக்கொண்டு ஓடினால் மற்றவை மோப்பம் பிடித்துக்கொண்டு அங்கேயே நிற்கின்றன. இதை நான் மூன்று தடவை பார்த்திருக்கிறேன். முட்டையின் நிறம் கண்ணுக்கு எதிரான காவல். மூக்குக்கு எதிரான காவல் வேறு வேண்டும். அதுவும் சில கரைப்பறவைகளிடம் இருக்கிறது என்பது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். வால் தொடங்கும் இடத்தில் மேற்புறம் உள்ள சுரப்பியிலிருந்து எடுத்து இறகில் பூசிக்கொள்ளும் மெழுகை, வடதுருவப் பக்கம் கூடு வைக்கும் உள்ளான் வகைகள் அடைகாக்கும் காலத்தில் மட்டும் எளிதில் ஆவியாகாத வேறு மெழுகாக மாற்றிக்கொள்கின்றன. நெதர்லாந்து ஆய்வாளர்கள் பயிற்சி பெற்ற நாய் ஒன்றை வைத்துச் சோதித்து, இந்த இரண்டாவது மெழுகை மோப்பம் பிடிக்க நாய் சிரமப்பட்டது என்று 2005இல் எழுதினார்கள். நரியின் மூக்கோடு நடந்த நீண்ட போரில் பறவை கண்டுபிடித்த ஆயுதம் அது. ஆனால் நரி ஒன்று இருக்கும் இடத்தில் நாய் முப்பது இருந்தால் எந்த ஆயுதமும் போதாது.

காக்காய் கதையும் இதே மாதிரிதான். அது நம் மண்ணின் பறவை, முட்டை தின்பது அதன் இயல்பு. ஆனால் ஏரித்தரையில் முன்பு அது உட்கார இடம் கிடையாது. சீமைக்கருவேலம் கரையிலிருந்து உள்ளே உள்ளே ஏறி வந்த பிறகு, கரண்ட் கம்பங்கள் வந்த பிறகு, அதற்கு உயரமான இருக்கை கிடைத்துவிட்டது. மேலிருந்து பார்த்தால் உப்புக்கொத்தி எங்கிருந்து எழுந்து ஓடியது என்பது தெளிவாகத் தெரியும். அதே புதர்தான் கீரிக்கும் பூனைக்கும் மறைவு. கடற்கரையில் நெருக்கமாகச் சவுக்கு நட்ட இடங்களிலும் இதே நிலைமை. மரம் நடுவது நல்லதுதானே என்று கேட்பார்கள். வெட்டவெளியை நம்பி வாழும் பறவைக்கு அதன் நடுவே எழும் மரம் எதிரியின் காவல்கோபுரம். இதைச் சொன்னால் எங்கள் ஊரிலேயே பலருக்குக் கோபம் வருகிறது. இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட விலங்கு என்ன செய்யும் என்பதற்கு உலகத்தில் எத்தனையோ உதாரணம் உண்டு. அதில் நம் நாட்டுக் கீரி வகையே ஒன்று. 1872இல் கரும்புத் தோட்டத்து எலியைத் தின்னட்டும் என்று கல்கத்தாவிலிருந்து ஒன்பது கீரிகளை ஜமைக்காவுக்குக் கொண்டுபோனார்கள். அவை பெருகி, அங்கிருந்து 1883இல் ஹவாய்க்கும் போய், தரையில் கூடு வைக்கும் பறவைகளுக்கு எமனாகிவிட்டன. நம் ஏரிக்கரைக் கீரிக்கு நெருங்கிய சொந்தம், நம் நாட்டில் பறவையோடு கூடவே வாழ்ந்து வந்த பிராணி, அதைக் கண்டே அறியாத பறவைகளிடம் போனபோது கதை மாறிவிட்டது. ஸ்காட்லாந்துக்கு மேற்கே தெற்கு யூயிஸ்ட் என்று ஒரு தீவு. உள்ளான்களும் ஆள்காட்டிகளும் புல்வெளியில் நெருக்கமாகக் கூடு வைக்கும் இடம். 1974இல் தோட்டத்து நத்தையைத் தின்னவென்று நாலைந்து முள்ளெலிகளைக் கொண்டுவந்து விட்டார்கள். நம் தேரிக்காட்டிலும் இருக்கும் அதே மாதிரிச் சாதுவான பிராணிதான். முப்பது வருஷத்துக்குள் அவை பக்கத்துத் தீவுகள்வரை ஆயிரக்கணக்கில் பெருகி, முட்டைகளைத் தின்று, பறவைகளின் எண்ணிக்கை சரிந்தது. பிறகு அவற்றைப் பிடித்து வெளியேற்ற வருஷக்கணக்கில் பாடுபட வேண்டியிருந்தது.

நியூசிலாந்தின் கறுப்பு நெடுங்கால் உள்ளான் இன்னும் மோசமான நிலைக்குப் போனது. நீர்நாய்க்குச் சொந்தமான ஸ்டோட் என்ற சின்ன வேட்டைப் பிராணியை 1880களில் முயலை ஒழிக்கக் கொண்டுவந்தார்கள், வீட்டுப்பூனையும் காடேறியது. ஆற்றுப்படுகைக் கூழாங்கல்லில் முட்டையிடும் அந்தப் பறவை 1981இல் உலகத்திலேயே 23தான் மிஞ்சியது. அங்கே முட்டைகளை எடுத்து வந்து பொரிக்க வைத்து, வளர்ந்த குஞ்சுகளைத் திரும்ப விடுகிறார்கள். உங்கள் கோழி யோசனைக்கு முன்னோடி உண்டு என்பதற்காக இதைச் சொல்கிறேன். ஆனால் அது அரசாங்கமே நடத்தும் வேலை. வெப்பமும் ஈரப்பதமும் அளந்து வைக்கும் பெட்டிகள், வளர்க்கத் தனிக் கூடங்கள், விடும் இடம் முழுக்கப் பொறிகள். இதெல்லாம் இருந்தும் பல பத்தாண்டுகளாக விடாமல் செய்ய வேண்டியிருக்கிறது.

நம் வீட்டுக் கோழி இரண்டு கிலோ. இந்த முட்டை மூன்று சென்டிமீட்டர் நீளம். முதல் நாளே நசுங்கும். நசுங்காமல் பொரித்தாலும், ஐந்தாறு கிராம் எடையுள்ள குஞ்சு கோழியின் பின்னால் நடந்து எதைக் கற்கும்? பருந்து வரும்போது உப்புக்கொத்தி கொடுக்கும் ஒற்றைச் சத்தத்துக்குக் குஞ்சு அப்படியே தரையோடு தரையாக ஒட்டிவிடும். அந்தச் சத்தம் கோழிக்குத் தெரியாது. 1972ஆம் வருஷக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுப் பறவையின் முட்டையை எடுப்பதே வேட்டையாடுவதற்குச் சமம், அதையும் மனசில் வையுங்கள்.

வலைக்கு வருகிறேன். அமெரிக்கக் கடற்கரைகளில் ஒரு வகை உப்புக்கொத்திக்குக் கூட்டைச் சுற்றிக் கம்பிக்கூண்டு வைக்கும் வழக்கம் உண்டு. பறவை நுழையும், நரி நுழையாது. பொரிக்கும் முட்டைகளின் எண்ணிக்கை உண்மையிலேயே கூடியது. ஆனால் சில இடங்களில் வல்லூறுகள் கூண்டைக் கண்டுகொண்டன. உள்ளேயிருந்து வெளியே வரும் பறவையை அங்கேயே காத்திருந்து அடித்தன. முட்டை தப்பியது, தாய் செத்தது. இங்கே ஒரு கணக்குப் புரிய வேண்டும். இந்தப் பறவை பல வருஷம் வாழும். முட்டை போனால் இரண்டு வாரத்துக்குள் மறுபடி இடும். அது வாழும் காலத்தில் இரண்டே குஞ்சு பெரிதாகிப் பிழைத்தாலும் இனம் நிலைக்கும். வளர்ந்த பறவை செத்தால் இனிமேல் வரவேண்டிய அத்தனை முட்டையும் அதோடு போச்சு. அதனால் கூண்டு வைக்கிறவர்கள் தினமும் வந்து பார்க்கிறார்கள், ஆபத்து என்று தெரிந்தால் அன்றைக்கே எடுத்துவிடுகிறார்கள். நீங்கள் வாரத்துக்கு ஒருநாள் போகிறவர்.

இதில் எனக்குச் சொந்த அனுபவமும் உண்டு, இன்றுவரை வருத்தம் தீரவில்லை. ஆரம்ப வருஷங்களில் ஒரு கூட்டை மாடு மிதித்துவிடும் என்று பயந்து, சுற்றி நாலு குச்சி நட்டு, மேய்ப்பவர் கண்ணில் படட்டும் என்று சிவப்புத் துணி கட்டிவிட்டு வந்தேன். மாலையில் திரும்பிப் போனபோது ஒரு குச்சியின் மேல் காக்காய் உட்கார்ந்திருந்தது. குழியில் ஒன்றும் இல்லை. தாய்ப்பறவை இருபதடி தள்ளி நின்றுகொண்டு, குழிக்கு ஓடுவதும் திரும்புவதுமாக இருந்தது. அந்த ஏரித்தரையில் உட்கார வேறு இடமே இல்லாத காக்காய்க்கு இருக்கை செய்து கொடுத்தது நான்தான். கூட்டைச் சுற்றிக் கல் அடுக்குவதும், அடையாளத்துக்குப் பாட்டில் வைப்பதும் இதே விளைவைத்தான் தரும். நம் காலடி வாசனையைப் பிடித்துக்கொண்டு இரவில் கீரியும் நாயும் வருவதும் உண்டு.

அப்படியானால் என்னதான் செய்வது? செய்யக்கூடிய வேலை கூட்டுக்கு ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. மீன்கழிவை அன்றன்றைக்கே புதைக்கவோ, உரத்துக்கு அனுப்பவோ ஊரில் பேசி ஏற்பாடு செய்ய முடிந்தால், மூன்று நாலு வருஷத்தில் வித்தியாசம் தெரியும். எனக்குத் தெரிந்த ஒரு குப்பத்தில் தென்னைக்கு உரமாக இறால் தலையைக் கேட்டு வாங்கிப் போகிறார்கள். அந்தக் கரையில் நாயும் காக்காயும் குறைவு என்பது கண்கூடு. நாயைப் பிடித்து வேறு ஊரில் விடலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். 2023ஆம் வருஷ விதிகளின்படி கருத்தடையும் தடுப்பூசியும் செய்து பிடித்த இடத்திலேயே விட வேண்டும். அதற்கு உள்ளாட்சியை விடாமல் கேட்க வேண்டும். நாயை அடிப்பதும் விஷம் வைப்பதும் கொடுமை, சட்டவிரோதமும்கூட. விஷத்தைத் தின்பது நாய் மட்டுமாகவும் இருக்காது. உங்களோடு வரும் வளர்ப்பு நாயை ஏப்ரலிலிருந்து ஜூலைவரை ஏரித்தரையில் அவிழ்த்துவிடாமல் இருந்தாலே பெரிய உதவி.

பைக்கையும் டிராக்டரையும் பற்றி ஒரு வார்த்தை. காய்ந்த ஏரியில் குறுக்கே ஓட்டிக்கொண்டு போவது இப்போது சகஜமாகிவிட்டது. சக்கரத்தடம் ஓரடி ஆழத்தில் இறுகி நிற்கும். நடந்து போகும் குஞ்சு அதில் இறங்கிவிட்டால் ஏறத் தெரியாமல் அதற்குள்ளேயே ஓடும். சத்தம் கேட்டால் அதற்குள்ளேயே பதுங்கும். அடுத்த வண்டி அதே தடத்தில்தான் வரும். ஒருமுறை அப்படி ஒரு தடத்தில் பதுங்கியிருந்த குஞ்சைப் பார்த்தேன். நெல்லிக்காயளவு உடம்பு, தீக்குச்சி போன்ற கால்கள், கண்ணை மட்டும் திறந்துகொண்டு. நான் நின்ற அத்தனை நேரமும் அது அசையவே இல்லை. தள்ளிப்போய் உட்கார்ந்த பிறகு தகப்பன் பறவை வந்து கூப்பிட்டதும்தான் எழுந்து ஓடியது. தடத்தின் பக்கச்சுவரை நாலு இடத்தில் மிதித்துச் சரித்துவிட்டு வந்தேன். அதை நீங்களும் செய்யலாம், கையால் எதையும் தொட வேண்டியதில்லை.

கூடவே நீங்கள் கேட்காத ஒன்றும் சொல்லத் தோன்றுகிறது. குளிர்காலத்தில் நம் ஏரிக்கு ஆயிரக்கணக்கில் வரும் வளைமூக்கு உள்ளான் சைபீரியாவின் வடகோடியில் கூடு வைக்கிறது. அங்கே அதன் பகை துருவநரி. நரிக்குப் பிடித்த இரை லெம்மிங் என்ற எலி. மூன்று நாலு வருஷத்துக்கு ஒருமுறை அந்த எலி பெருகும். அந்த வருஷம் நரி பறவைப் பக்கம் அதிகம் திரும்பாது, குஞ்சுகள் நிறையப் பிழைக்கும். அடுத்த வருஷம் எலி அற்றுப்போனால் பெருகிய நரியெல்லாம் முட்டையைத் தேடும். சில குளிர்காலங்களில் நம் கரையில் இளம்பறவைகள் நிறையவும், சில வருஷம் ஏறக்குறைய ஒன்றுமே இல்லாமலும் இருப்பதற்குப் பின்னால் இந்த எலிக்கணக்கு இருக்கிறது. நரி முட்டையைத் தின்கிறது என்பதற்காக அங்கே யாரும் பதறுவதில்லை. எலி திரும்பும், பறவையும் திரும்பும். கீரியையும் உடும்பையும் நானும் அப்படித்தான் பார்க்கிறேன். அவை ஒரு கூட்டைத் தின்றால் மனசு கனக்கும், ஆனால் அவற்றின்மேல் எனக்குக் கோபம் இல்லை.

கடைசியாக, அந்த ஜோடி வருமா என்று கேட்டீர்கள். பெற்றோர் இரண்டும் உயிரோடு இருந்தால் பெரும்பாலும் மறுபடி இடும், அதே தரையில் பழைய குழியிலிருந்து கொஞ்ச தூரத்தில். ஆடி மழை பெரிதாகப் பிடிக்குமுன் போய்ப் பாருங்கள். சாலையை விட்டு இறங்க வேண்டாம், கரைமேட்டிலேயே வெயில் ஏறுமுன் உட்காருங்கள், பைனாகுலர் போதும். தரையில் ஒரு பறவை நாலடி ஓடி நின்று, திரும்பிப் பார்த்து, மறுபடி நாலடி ஓடி, திடீரென்று கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டால் அது கூட்டில் உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். தேதியையும், கரைமேட்டில் எந்த மைல்கல்லுக்கு நேரே என்பதையும் குறித்து வையுங்கள். இருபத்தைந்து நாள் கழித்து அதே இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். பெரிய பறவை ஒன்று நின்றுகொண்டிருக்க, அதன் வயிற்றுக்கடியில் நாலு கால், ஆறு கால் என்று தெரிந்தால் எனக்கு எழுதுங்கள்.